கோலாலம்பூர் ஈரக்காற்றில் கீகேப் வார்ப்பு: மோல்ட் ஸ்டார் 30, ஸ்மூத்-காஸ்ட் 325

வீட்டில் ஒரு தடவைக்கு ஆறு கீகேப் (கீபோர்டு விசையின் மேல் மூடி) வார்த்தால் போதும் என்பவருக்கு இந்த ஜோடியைத் தாராளமாகச் சொல்லலாம். அச்சுக்கு மோல்ட் ஸ்டார் 30 சிலிகான், வார்க்க ஸ்மூத்-காஸ்ட் 325 ரெசின். ஆனால் நம்ம ஊர் ஈரக்காற்றைக் கணக்கில் எடுக்காமல் டப்பாவைத் திறந்தால் இரண்டாவது தடவையே நுரை தள்ளும்.

முதலில் சிலிகான். பலர் மென்மை என்று மோல்ட் ஸ்டார் 15-ஐ எடுப்பார்கள். அச்சு இரண்டு பாதி: கேப்பின் மேற்புறத்துக்கு ஒன்று, உள்ளே இருக்கும் தண்டுக்கு ஒன்று. மேல்பாதி அச்சுக்கு அது சரி. தண்டுப் பாதிக்குச் சரிவராது. விசைக்கு அடியில் இருக்கும் செர்ரி எம்எக்ஸ் சுவிட்சில் மாட்டும் சிலுவைக் குழி, அச்சில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிலிகான் தகடாகத்தான் இருக்கும்: அகலம் 4 மில்லிமீட்டர், தடிமன் 1.2 அல்லது 1.3. மெத்தென்ற சிலிகானில் அந்தத் தகடு ரெசின் பட்டதும் சாயும், கேப் கோணலாக உட்காரும். 30 அசையாமல் நிற்கிறது. ஏ, பி என்ற இரு பகுதிகளை எடையிலும் கொள்ளளவிலும் சரிபாதி கலக்கலாம், ஊற்ற 45 நிமிடம் கிடைக்கும், 6 மணி நேரத்தில் இறுகும்.

இது பிளாட்டினம் வகைச் சிலிகான். கந்தகம் கலந்த களிமண், லேடெக்ஸ் கையுறை, சரியாக இறுகாத 3டி பிரிண்ட் ரெசின், இவை பட்ட இடம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கந்தகமில்லாக் களிமண்ணும் வினைல் கையுறையும் போதும். இரண்டாம் பாதியை ஊற்றுமுன் முதல் பாதியின் மேல் வாஸ்லின் மெல்லிசாகத் தடவ மறந்தால் இரண்டும் ஒன்றாக ஒட்டி, அச்செடுக்க உள்ளே வைத்த மூலக் கேப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ரெசினில் அதிகம் பேர் சறுக்குவது அளவில். கொள்ளளவில்தான் அது சரிபாதி. தராசில் போட்டால் ஏ பகுதி 115-க்குப் பி பகுதி 100. ஆறு கேப்புக்கு ஏ 6.9 கிராம், பி 6.0 கிராம், 0.1 கிராம் காட்டும் தராசு கட்டாயம். எடையில் சரிபாதி கலந்தவர்களின் கேப் நகத்தால் கீறினாலே பள்ளம் விழும்.

கலந்த பிறகு ஊற்ற இரண்டரை நிமிடம்தான், அதுவும் 23 டிகிரியில். மத்தியானம் 31 டிகிரி அறையில் அதுவும் கிடைக்காது. அதனால்தான் ஆறோடு நிறுத்தச் சொல்கிறோம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மெதுவாக இறுகும் 326-க்குப் போங்கள். ஏர்கோனை 24-இல் வைத்து வார்ப்பது இரட்டை லாபம்: நேரமும் கிடைக்கும், காற்றும் உலரும். ஏ பகுதி ஐசோசயனேட். ஈரம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும், அதுதான் கேப்பில் நுரையாகத் தெரிகிறது. ஐஸ்கிரீம் குச்சியும் காகிதக் கோப்பையும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை, பிளாஸ்டிக்கே பயன்படுத்துங்கள். மழை கொட்டும் சாயங்காலம் புட்டியைத் திறக்காதீர்கள். ரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. வார்ப்பைப் பிரஷர் பாட் என்ற அழுத்தக் கலனில் வைத்து மூடியதும் சன்னலைத் திறந்து விசிறியைப் போட்டு விடுங்கள்.

ஊற்றும்போது ஒரு பல்குச்சியால் தண்டுக் குழிக்குள் முதல் சொட்டை இறக்கி, சிலுவைத் தகட்டைச் சுற்றி ஒரு சுற்று சுற்றுங்கள். இல்லையென்றால் அங்கேதான் காற்று மாட்டும், தண்டு பாதியாக வரும். பிறகு அழுத்தக் கலனில் 40 பிஎஸ்ஐ. கலனின் மேல் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. அச்சையும் அதே அழுத்தத்தில் இறுக விட்டிருக்க வேண்டும். வெளியே இறுகிய அச்சுக்குள் இருக்கும் குமிழிகள் கலனின் அழுத்தத்தில் நசுங்கும், அந்த இடமெல்லாம் கேப்பில் பரு பருவாக எழும்பும்.

தயாரிப்பாளரின் குறிப்பில் 10 நிமிடத்தில் எடுக்கலாம் என்றிருக்கும். அது கனமான வார்ப்புக்கு. ஒன்றரை மில்லிமீட்டர் சுவரில் சூடு நிற்காது, அரை மணி நேரமாவது விடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் கேப்பின் கீழ் ஓரம் வளையும்.

நிறம் சேர்ப்பதற்கு 325 அருமை, துளி நிறமியிலேயே அழுத்தமாக ஏறும். கண்ணாடி மாதிரி தெளிவு எதிர்பார்ப்பவருக்கு இது ஆகாது, லேசான பழுப்புச் சாயல் இருக்கும்.

சின்ன ஜோடியே ஏறத்தாழ 900 கிராம். ஆறு ஆறாக வார்ப்பவருக்கு அது நிறைய மாதம் வரும், ஆனால் திறந்த புட்டி அவ்வளவு நாள் தாங்காது. இரண்டு மூன்று பேர் பங்கு போட்டு வாங்கி, ஒரே வாரக் கடைசியில் தீர்ப்பதே சிக்கனம். கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா பக்கம் போகிறவர் சோதனைக்கென்று உதிரிச் சுவிட்ச் நாலு வாங்கி வையுங்கள். புதுக் கேப்பை நேராகக் கீபோர்டில் குத்தினால், இறுக்கமான தண்டு பிளந்து உள்ளேயே தங்கிவிடும்.