அம்மா வீட்டை விக்கிறப்போ: எக்ஸிகியூட்டரா விக்கிறதா, பிள்ளைங்க பேருக்கு மாத்திட்டு விக்கிறதா?

லண்டன்ல ஒரு கணக்கு எடுத்துக்கோங்க. அம்மா தவறிட்டாங்க, ப்ரோபேட்ல (இறந்தவங்க சொத்தைக் கையாள கோர்ட்ல வாங்குற அனுமதி) வீட்டு மதிப்பு 4,20,000 பவுண்ட்னு போட்டாச்சு, பத்து மாசம் கழிச்சு 4,56,000க்கு ஆள் வர்றாங்க. பிள்ளைங்க மூணு பேரு. இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸ் (இறந்தவங்க விட்டுட்டுப் போற சொத்துக்கான வரி) கதை முடிஞ்சுதே, இனி என்ன வரின்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா இறந்த நாள் மதிப்புக்கு மேல வர்ற லாபத்துக்கு கேபிடல் கெயின்ஸ் டாக்ஸ் இருக்கு. (இந்தியாவுல அப்பா அம்மா வாங்கின விலையில இருந்து கணக்கு போடுவாங்க, இங்க அப்படி இல்ல.)

ஏஜென்ட், சொலிசிட்டர் செலவு 9,000 கழிச்சா லாபம் 27,000.

எக்ஸிகியூட்டரே (உயில்படி சொத்தை நிர்வகிக்கிறவர்) வித்தா ஒரே ஒரு 3,000 விலக்குதான், அதுவும் இறந்த வரி வருஷமும் அடுத்த ரெண்டு வருஷமும் மட்டும். மிச்சம் 24,000க்கு நேரா 24 சதவீதம், 5,760 பவுண்ட் போச்சு.

இதே வீட்டை முதல்ல மூணு பேருக்கும் எழுத்துல ஒதுக்கிட்டு வித்தா ஆளுக்கு 9,000 லாபம், ஆளுக்கு ஒரு 3,000 விலக்கு. வேற லாபம் எதுவும் இல்லாம, வருஷ சம்பளமும் இந்த லாபமும் சேர்ந்து 50,270 தாண்டாதவங்களுக்கு 18 சதவீதம், அதாவது 1,080, சம்பளமே அதைத் தாண்டினவங்களுக்கு 24, அதாவது 1,440. ரெண்டு பேர் கீழ ஒருத்தர் மேலன்னா மொத்தம் 3,600. ஒரு தாள்ல கையெழுத்து போட்டதுக்கு 2,160 பவுண்ட் மிச்சம்! ஆனா அந்தத் தாள் கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்சுக்கு (விக்கிறவரும் வாங்குறவரும் ஒப்பந்தத்தை மாத்திக்கிறது) முன்னாடியே இருக்கணும், வரிக்கணக்குல வித்த நாள்னா எக்ஸ்சேஞ்ச் நாள்தான், சாவி குடுக்கிற கம்ப்ளீஷன் நாள் இல்ல. இதைத் தெரியாம கம்ப்ளீஷன் வாரத்துல ஓடிப்போய் கேக்கிறவங்களைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு.

மூணாவதா, ப்ரோபேட் மதிப்பையே திருத்தலாமான்னு கேப்பாங்க. அன்னைக்கு குத்துமதிப்பா கம்மியா போட்டிருந்தா, சர்வேயர்கிட்ட இறந்த தேதிக்கு முறையா ரிப்போர்ட் வாங்கி திருத்தலாம், தப்பே இல்ல. ஆனா எஸ்டேட் ஏற்கனவே இன்ஹெரிட்டன்ஸ் டாக்ஸ் வரம்பை தாண்டியிருந்தா ஏத்தின தொகைக்கு 40 சதவீதம் கட்டணும், 24ஐ தவிர்க்கப் போய் 40ல மாட்டாதீங்க. வரம்புக்குள்ள நல்லா இடம் இருந்தா மட்டும் இது பிரயோஜனம். மார்க்கெட் ஏறினதால வந்த லாபத்தை மறைக்க மதிப்பை ஏத்துறது வேற விஷயம், அதைப் பண்ணவே கூடாது.

என் ஓட்டு ரெண்டாவது வழிக்குத்தான், பிள்ளைங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இருந்தா. இல்லேன்னா எக்ஸிகியூட்டர் விக்கிறதே நிம்மதி, ஏன்னா ஒதுக்கினப்புறம் அவங்கவங்க பங்குக்கு அவங்கவங்களே கம்ப்ளீஷன்ல இருந்து 60 நாளுக்குள்ள கணக்கு காட்டி வரி கட்டணும். சென்னையில இருக்கிற அண்ணன் இருந்தா அவருக்கு இதை முதல்லயே சொல்லிடுங்க, வெளிநாட்டுல இருக்கிறவங்க வரி ஒரு பைசா வரலைன்னாலும் அந்த 60 நாளுக்குள்ள ரிட்டர்ன் போட்டே ஆகணும்.