அமானா, பார்க் ஹயாட்டா? மும்பை டவருக்கு எந்த டோக்கியோ பொருந்தும்

மும்பை மாட்டுங்காவில் இண்டீரியர் வேலை செய்யும் நம்மவர்கள் நாலு பேர் காபிக்கு உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. வொர்லி, லோயர் பரேல் பக்கம் டவரின் மேல்மாடிகளில் ஹோட்டல் போட நினைக்கிறவர்கள் எல்லாருமே ஆடம்பரமாகவும் வேண்டும், அமைதியாகவும் வேண்டும் என்கிறார்கள், ஃபோனை எடுத்துக் காட்டுவது மட்டும் பெரும்பாலும் டோக்கியோவில் இருக்கும் அமான் ஹோட்டலின் லாபியைத்தான். என் ஓட்டு அதே ஊரின் பார்க் ஹயாட் ஹோட்டலுக்கு.

அமான் 2014இல் திறந்தது. ஓட்டேமாச்சி டவரின் மேல் 6 மாடிகள், வடிவமைப்பு கெர்ரி ஹில். 33ஆவது மாடியில் லிஃப்டை விட்டு வெளியே வந்ததுமே ஏறத்தாழ 30 மீட்டர் உயரக் கூடம், தலைக்கு மேலே வாஷி என்ற ஜப்பானியக் காகிதத்தின் வழியே கசியும் வெளிச்சம், சுற்றிலும் கருங்கல், நடுவில் தண்ணீர். அழகு, அதில் பேச்சே இல்லை. ஆனால் திறந்தபோது அங்கே இருந்தவை வெறும் 84 அறைகள். அவ்வளவு பெரிய கூடத்தில் ஆள் நடமாட்டமே குறைவு என்பதால் அது அமைதி. மும்பையில் இப்படி ஒரு கூடத்தில் கல்யாண வீட்டார் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினால் அத்தனை சத்தமும் கல்லில் பட்டுத் திரும்பி வரும். அப்புறம், 30 மீட்டர் வெற்றிடம் என்றால் ஏழெட்டு மாடித் தளம் போச்சு, தீப்பிடித்தால் புகையை வெளியேற்றவும் ஏசிக்கும் தனிச் செலவு, சதுர அடிக்குக் கணக்குப் பார்க்கும் மும்பையில் எந்த முதலாளி சம்மதிப்பார்?

பார்க் ஹயாட் 1994இலிருந்து இருக்கிறது. கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே வடிவமைத்த ஷின்ஜுகு பார்க் டவரின் மேல் 14 மாடிகள், திறந்தபோது உள்ளலங்காரம் ஜான் மோர்ஃபோர்ட். முதல் லிஃப்ட் 41ஆவது மாடியில் கண்ணாடிக் கூரைக்கு அடியில் மூங்கில் வளரும் இடத்தில் இறக்கி விடும். அங்கிருந்து புத்தக அலமாரிகள் வழியே நடந்துதான் ரிசப்ஷன், அதற்கப்புறம்தான் அறைக்குப் போகும் லிஃப்ட். வெளிச்சத்திலிருந்து மங்கலுக்கு, அகலத்திலிருந்து ஒடுக்கத்துக்கு என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவை மறக்க வைக்கிறார்கள். 2008 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு மும்பைப் பெரிய ஹோட்டல்களின் வாசலிலேயே பெட்டிக்கு ஸ்கேனர், ஆளுக்கு மெட்டல் டிடெக்டர். ஹார்ன் சத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்தச் சோதனையையும் தாண்டி வருகிறவருக்கு இந்த நடை வேண்டும். இதற்குத் தளத்தை உடைக்கவும் வேண்டாம், சாதாரண உயரமே போதும்.

அறை என்று வந்தால் மட்டும் அமான்தான். 71 சதுர மீட்டரில் ஆரம்பம், தள்ளு கதவுகள், ஜன்னலோரத்தில் ஆழமான குளியல் தொட்டி, கண்ணுக்கு எரிச்சலில்லாத இரண்டு மூன்று நிறங்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பொருட்களை மட்டும் மாற்றி. காகிதமும், மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடான வெனீரும் நம் மழைக்காலத்துக்கு ஆகாது. குளியலறைக் கதவின் கீழ் ஓரத்தில் வெனீர் மெல்ல உரிந்து எழும்பும், விரல் வைத்தாலே தெரியும். அந்த விளிம்புக்கு முழுத் தேக்குப் பட்டி, உள்ளே ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட். கடல் பார்த்த அறைகள் மேற்கு நோக்கியவை, மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே அடிக்கும், பாலிஷ் போட்ட வெள்ளை மார்பிள் இருந்தால் கண் கூசும். மங்கலான சாம்பல் கல், பளபளப்பே வேண்டாம், ஜன்னலுக்கு இரண்டு அடுக்குத் திரை.