எம்கேடிர் சொல்லாமல் விடும் காரணம்

ஆண்ட்ராய்டு செயலியில் கோப்புறை உருவாக்க எதை நம்பலாம் என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். ஏழு ஆண்டுகளாக ஜாவா நிரல்மொழியில் கோப்புகளையும் கோப்புறைகளையும் கையாளும் ஃபைல் (File) வகுப்பை அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன்; நியாயமாகப் பார்த்தால் அதைப் பாராட்டத்தான் வேண்டும். செயலிக்கே உரிய உள் சேமிப்பிடமாகக் கெட்ஃபைல்ஸ்டிர் (getFilesDir) தரும் இடத்தில் எந்த அனுமதியும் கேட்காமல் எழுதலாம். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வெளிச் சேமிப்பகத்தின் விதிகளை மாற்றியபோதும் அந்தப் பகுதியில் ஒரு வரியைக்கூட நான் மாற்ற நேரவில்லை.

ஆனால் அந்த வகுப்பில் கோப்புறை உருவாக்கும் கட்டளையான எம்கேடிரை (mkdir) என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பெயரில் கோப்புறை ஏற்கெனவே இருந்தாலும் 'உருவாக்கவில்லை' என்று பொருள்படும் ஃபால்ஸ் (false), மேல் கோப்புறை இல்லாவிட்டாலும் ஃபால்ஸ், அனுமதி இல்லாவிட்டாலும் அதே ஃபால்ஸ். எதனால் என்று அது சொல்வதே இல்லை.

ரசீதுப் படங்களைச் சேமிக்கும் செயலி ஒன்றை எழுதியிருந்தேன். ஆண்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் மாதத்துக்கு ஒன்று. செயலியை முதன்முறை திறக்கும்போது ஆண்டுக் கோப்புறையை உருவாக்கிவிட்டு, மாதக் கோப்புறைகளை எம்கேடிரிடம் விட்டிருந்தேன். டிசம்பர் வரை ஒரு குறையும் இல்லை. ஜனவரி 1 அன்று புதிய ஆண்டுக்கான கோப்புறை இல்லாததால் '01' உருவாகவில்லை; எம்கேடிர் திருப்பிய ஃபால்ஸை என் நிரல் பார்க்கவே இல்லை. பிழையோ அடுத்த வரியில், படத்தை எழுதக் கோப்பைத் திறக்கும் இடத்தில், 'கோப்பு கிடைக்கவில்லை' என்னும் ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷனாக வந்து நின்றது. ஆகவே, கோளாறு ஒரு வரி மேலே இருக்க, எழுதும் பகுதியையே அன்று இரவு வரை துருவிக்கொண்டிருந்தேன்.

அதே வகுப்பின் இன்னொரு கட்டளையான எம்கேடிர்ஸ் (mkdirs) இடையிலுள்ள கோப்புறைகளையும் சேர்த்தே உருவாக்கும். ஆனால் கோப்புறை முன்பே இருந்தால் அதுவும் ஃபால்ஸ்தான் சொல்லும் என்பதால், கோப்புறை இருக்கிறதா என்று சொல்லும் இஸ்டைரக்டரி (isDirectory) கொண்டு சரிபார்த்து, அங்கேயும் இல்லை என்று வந்தால் நாமே பிழையை எழுப்ப வேண்டும். ஆண்ட்ராய்டு 8, அதாவது நிரலாளர்கள் பயன்படுத்தும் பதிப்பெண்ணில் ஏபிஐ 26, முதல் கிடைக்கும் ஃபைல்ஸ் (Files) என்ற வேறொரு வகுப்பின் கிரியேட்டைரக்டரீஸுக்கு (createDirectories) இந்தச் சுற்றுவழி தேவையில்லை: கோப்புறை இருந்தால் அமைதியாகத் தாண்டிச் செல்கிறது, அதே பெயரில் சாதாரணக் கோப்பு குறுக்கே கிடந்தால் அதையே பிழையின் பெயராகச் சொல்லி நிறுத்துகிறது. அந்த ஒரு பெயர் ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

பழைய ஃபைல் வகுப்பு ஏழு ஆண்டுகள் எனக்கு உழைத்தது உண்மை. இருந்தும், கோப்புறை உருவாக்க அதைத் தொடவே வேண்டாம் என்றுதான் நண்பருக்கு எழுதினேன்.