லேப்டாப்பையும் நாமே அசெம்பிள் செய்ய முடியுமா?

டெஸ்க்டாப் விஷயத்தில் இந்தக் கேள்வியே எழாது. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவை எல்லாரும் ஏற்றுக்கொண்டதால், எந்த ஏடிஎக்ஸ் போர்டும் எந்த ஏடிஎக்ஸ் கேஸிலும் உட்காரும். லேப்டாப்பிலும் பாதி வேலை எப்போதோ முடிந்துவிட்டது. ரேமுக்கு சோடிம் என்ற சின்ன ரேம் அளவு, எஸ்எஸ்டிக்கும் வைஃபை கார்டுக்கும் எம்.2 என்ற ஸ்லாட், சார்ஜருக்கு யூஎஸ்பி-சி என்று பொது அளவுகள் உண்டு. சிக்கல் மீதிப் பாதியில்தான். மதர்போர்டு, சூடு தணிக்கும் ஹீட்சிங்க், பேட்டரி, கீபோர்டு எல்லாம் அந்தந்த மாடலுக்கென்றே அளவெடுத்துத் தைத்தவை. அந்தப் பாதிக்கு யாரை நம்புகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வழிகள் பிரிகின்றன.

யாரையும் நம்பாமல் முழுக்க நாமே செய்வதென்றால், தின் மினி-ஐடிஎக்ஸ் என்ற மெலிதான சின்ன டெஸ்க்டாப் போர்டு ஓரளவு ஒத்துவரும். 17 செ.மீ. சதுரம், உயரம் 25 மி.மீ.க்குள், சோடிம் ரேம். பல போர்டுகளில் லேப்டாப் திரைக்கான கனெக்டரும் உண்டு. ஆனால் திரை வாங்கும்போதே தலைவலி ஆரம்பிக்கும். ஒரே அங்குல அளவில் இரண்டு பேனல்களைத் திருப்பிப் பார்த்தால், ஒன்றில் 30 பின், இன்னொன்றில் 40 பின். ஒன்றில் திருகு மாட்டக் காது இருக்கும், மற்றதில் இருக்காது. அதைச் சமாளித்தாலும் பேட்டரி இருக்கிறது. லேப்டாப் போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னச் சிப் உண்டு. சார்ஜ் எவ்வளவு, மூடி மூடியிருக்கிறதா, விசிறி எந்த வேகத்தில் சுழல வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் கவனிக்கிறது. டெஸ்க்டாப் ரக போர்டுக்கு பேட்டரி என்ற ஒன்றே தெரியாது. அந்தச் சிப்பின் வேலையை நாமே எழுத வேண்டும். லித்தியம் செல்லை வைத்துக்கொண்டு அதைச் செய்து பழக நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அடுத்தது பேர்போன், அதாவது பாதி தயாரான லேப்டாப். கிளெவோ, டாங்ஃபாங் போன்ற நிறுவனங்கள் உடல், போர்டு, திரை எல்லாம் சேர்த்துத் தரும். ரேமும் எஸ்எஸ்டியும் நாம் போடலாம். சிறிய பிராண்டுகள் பல இதைத்தான் தங்கள் பெயர் ஒட்டி விற்கின்றன. வாங்கும் நாளில் நல்ல பேரம்தான். ஆனால் அடுத்த தலைமுறை போர்டு இதே உடலில் உட்காரும் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. கிராஃபிக்ஸுக்காக எம்எக்ஸ்எம் என்ற கழற்றும் கார்டு வந்தது. ஹீட்சிங்க் ஓட்டை, பயாஸ் என்று ஏதாவது ஒன்று ஒத்துப்போகாமல், ஒரு மாடலின் கார்டு இன்னொன்றில் ஓடுவதே அதிர்ஷ்டமாகிவிட்டது.

ஃபிரேம்வொர்க் என்ற லேப்டாப் நிறுவனம் இங்கேதான் வேறுபடுகிறது. 2021-இல் வந்த அதன் 13 அங்குல உடலில் 2025-இன் ஏஎம்டி ரைசன் பிராசஸர் போர்டும் பொருந்துகிறது. போர்டின் அளவு வரைபடங்களையும் கன்ட்ரோலர் மென்பொருளையும் வெளியிட்டிருக்கிறார்கள். கழற்றிய பழைய போர்டை பேட்டரி இல்லாமலே தனிக் கணினியாக ஓட்டலாம். பழைய டிடிஆர்4 ரேம் மட்டும் புதிய போர்டுக்கு ஆகாது. அந்தச் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். என்னதான் திறந்து வைத்தாலும் இது ஒரே கம்பெனியின் அளவுதான், ஏடிஎக்ஸ் மாதிரி ஊர்ப்பொது அல்ல.

முழுத் திறப்பு வேண்டுமென்றால் பெர்லினின் எம்என்டி ரிஃபார்ம் என்ற லேப்டாப் இருக்கிறது. சர்க்யூட் வரைபடம் உட்பட எல்லாம் பொதுவில் கிடைக்கும். பேட்டரிக்கு 18650 என்ற அளவில் எட்டு உருளை செல்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். விலையாக 4 செ.மீ. தடிமனையும் மெதுவான பிராசஸரையும் ஏற்க வேண்டும்.

தினசரி வேலைக்கு என்றால் நான் ஃபிரேம்வொர்க் பக்கம். மூன்று வருடத்தில் மொத்தமாக மாற்றிவிடும் பழக்கம் உள்ளவருக்கு அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண். அவருக்கு பேர்போனே போதும். ரிஃபார்ம், சர்க்யூட்டைப் படித்து ரசிப்பவருக்கு. தின் மினி-ஐடிஎக்ஸ் ஆசை விடவில்லையென்றால் பேட்டரியை மறந்துவிட்டு, திரையோடு சேர்ந்த பெட்டிக் கணினியாகச் செய்யுங்கள், அது ஓடும்.