வேர்ட்பிரஸ் அப்டேட்டர்: கோப்புகளுக்குக் காவல் உண்டு, டேட்டாபேஸுக்கு இல்லை

இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அப்டேட் பொத்தானை நம்பி அழுத்தலாமா என்று கேட்டால், பாதி நம்பலாம். கோப்புகளைக் கையாள்வதில் கடந்த சில ஆண்டுகளில் அது நன்றாகவே தேறிவிட்டது. பதிவுகள், கமெண்டுகள், அமைப்புகள் எல்லாம் சேமிக்கப்படும் டேட்டாபேஸில் ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் திருப்பித் தர இன்றும் அதன் கையில் ஒன்றும் இல்லை. இங்கே பேசுவது நாமே ஹோஸ்டிங் எடுத்து நிறுவி நடத்தும் வேர்ட்பிரஸைப் பற்றி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 2013இல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே சிறு அப்டேட்டுகள் தானாக ஏறுகின்றன. 6.6.1 போல மூன்றாவது எண் மட்டும் மாறினால் அது சிறியது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது பெரும்பாலும் இதில்தான் வரும், இதை நிறுத்தி வைக்கக் கூடாது. 6.6லிருந்து 6.7 என்பது, எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரிந்தாலும், பெரிய பதிப்பு. அப்டேட் பக்கத்திலேயே பராமரிப்பு, பாதுகாப்புப் பதிப்புகளை மட்டும் தானாக ஏற்கும்படி மாற்றும் இணைப்பு இருக்கிறது. பிளகின் (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்) நிறைய உள்ள தளத்துக்கு அதுவே சரியான அமைப்பு.

2023இன் 6.3 முதல், பிளகினையோ, தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் ஒன்றையோ அப்டேட் செய்யும்போது பழைய போல்டரைத் தற்காலிகமாக ஓரமாக நகர்த்தி வைத்துக்கொள்கிறது. புதியது பாதியில் நின்றால் பழையது இடத்துக்குத் திரும்பிவிடும். 2024இன் 6.6 இன்னொரு படி ஏறியது: தானியங்கி அப்டேட் முடிந்ததும் முகப்புப் பக்கத்தைத் தானே அழைத்துப் பார்க்கிறது, பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) பிழையால் தளம் விழுந்திருந்தால் அந்தப் பிளகினைப் பழைய பதிப்புக்கே கொண்டுபோகிறது. ஆனால் அது பார்ப்பது முகப்பை மட்டும், அதுவும் இயக்கத்தில் உள்ள பிளகின்களுக்கு மட்டும். தொடர்புப் படிவம் செத்துப்போனாலும், அட்மின் பக்கம் மட்டும் விழுந்தாலும், சைட்பார் கலைந்தாலும் அதன் கண்ணில் படாது. நாம் கையால் பொத்தானை அழுத்திச் செய்யும் அப்டேட்டுக்கு இந்தச் சோதனையே கிடையாது.

சிக்கல் டேட்டாபேஸில். சில பிளகின்கள் அப்டேட் ஆன கையோடு தங்கள் அட்டவணைகளை மாற்றி எழுதிவிடும். அதன்பின் டபிள்யூபி ரோல்பேக் போன்ற பிளகினை வைத்துப் பழைய பதிப்பை இறக்கினால் நிரல் பழையது, அட்டவணை புதியது. சில சமயம் ஓடும், சில சமயம் அமைப்புகள் காணாமல் போகும். ஆகவே அப்டேட்டுக்குச் சற்று முன்பு எடுத்த டேட்டாபேஸ் பேக்கப்தான் உண்மையான காப்பு. நேற்றிரவு எடுத்தது போதாது. அதை மீட்டால் இன்று வந்த கமெண்டுகளும் போய்விடும்.

இதற்கு அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பேக்கப் பிளகினின் இலவசப் பதிப்பு போதும், சில இடங்களில் கவனமாக இருந்தால். டேட்டாபேஸ், பிளகின், தீம், அப்லோடு என்று தனித்தனிக் கோப்புகளாக எடுக்கிறது. மீட்கும்போது வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளையும், டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் கோப்பையும் இலவசப் பதிப்பு தொடாது. மூலக் கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கான்ஃபிக் கோப்பைக் கையால் நகலெடுத்து வையுங்கள். கூகுள் டிரைவையோ டிராப்பாக்ஸையோ இணைக்காவிட்டால் பேக்கப்பும் அதே சர்வரில்தான் கிடக்கும். சர்வர் போனால் இரண்டும் போகும். இயல்பாக 2 பேக்கப்தான் வைத்துக்கொண்டு பழையதை அழிக்கும் என்பதால், அப்டேட்டுக்கு முன் எடுக்கும்போது 'கையால் மட்டுமே அழிக்கலாம்' என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். மீட்ட பிறகு 'ஓல்டு' என்று முடியும் பழைய போல்டர்கள் மிஞ்சும். தளம் சரியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு அழித்துவிடலாம், இல்லையென்றால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அப்டேட்டுக்கு முன் தானாகவே பேக்கப் எடுக்கும் வசதி கட்டணப் பதிப்பில்தான்.

பேக்கப் பிளகினையும் அப்டேட் செய்தாக வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 2022 பிப்ரவரியில் இதே அப்டிராஃப்ட்பிளஸில், சாதாரண உறுப்பினர் கணக்கு வைத்திருப்பவரும் பேக்கப்பை இறக்கிக்கொள்ளக்கூடிய ஓட்டை வெளிவந்தது. 1.22.3 பதிப்பில் அதை அடைத்தார்கள். பல தளங்களுக்கு அந்தத் திருத்தம் கட்டாயமாகவே தள்ளப்பட்டது.

வேலையை எந்த வரிசையில் செய்வது? பேக்கப், பிறகு பிளகின்களை ஒவ்வொன்றாக, பிறகு தீம், கடைசியில் வேர்ட்பிரஸ். எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்து ஏற்றினால், கோளாறு வரும்போது எந்தப் பிளகின் என்று தெரியாமல் விழிக்க நேரும். முதன்மைத் தீமின் கோப்பில் நேரடியாகத் திருத்தம் செய்திருந்தால் தீம் அப்டேட் அதை அழித்துவிடும். திருத்தங்களை முன்கூட்டியே சைல்டு தீமுக்கு, அதாவது முதன்மைத் தீமைச் சார்ந்து தனி போல்டரில் இருக்கும் துணைத் தீமுக்கு, மாற்றிவிடுங்கள். பிளகின் பக்கத்தில் இருக்கும் 'இந்தப் பதிப்பு வரை சோதிக்கப்பட்டது' என்ற வரி அதை எழுதியவரின் கூற்று, அவ்வளவுதான். பிஎச்பி பதிப்பையும் ஒரு பார்வை பாருங்கள்: வேர்ட்பிரஸ் 6.6க்குக் குறைந்தது 7.2.24 வேண்டும்.

அப்டேட் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் டிஸ்க் நிரம்பியதோ பிஎச்பியின் நேர வரம்போ காரணமாக இருக்கும். அப்போது மூல போல்டரில், புள்ளியில் தொடங்கும் 'மெயின்டனன்ஸ்' கோப்பு தங்கிவிட்டு, தளத்தில் பராமரிப்புச் செய்தி மட்டும் தெரியும். 10 நிமிடத்துக்கு மேற்பட்ட கோப்பை வேர்ட்பிரஸ் தானே பொருட்படுத்தாது. அவசரமென்றால் எஃப்டிபியில் (சர்வரின் கோப்புகளை நம் கணினியிலிருந்து கையாளும் வழி) அழிக்கலாம். 'வேறொரு அப்டேட் நடக்கிறது' என்று மறுத்தால் அந்தப் பூட்டு 15 நிமிடத்தில் விலகும். அப்டேட்டின்போது எஃப்டிபி பயனர்பெயர் கேட்டால் கோப்புகளின் உரிமையாளர் அமைப்பு தவறு. அதைச் சரிசெய்ய வேண்டுமே தவிர போல்டருக்கு 777 அனுமதி (யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது) கொடுக்கக் கூடாது. தானியங்கி அப்டேட் வருவதே இல்லையென்றால் தளத்தின் போல்டரில் கிட் (Git, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேர்ட்பிரஸ் ஒதுங்கிக்கொள்ளும்.

தளம் மொத்தமாக விழுந்தால் நிர்வாகி மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று வரும், 2019இன் 5.2 முதல் இருக்கும் வசதி. அதன் ஆயுள் ஒரு நாள். அதன் வழியே நுழைந்தால், பிழை செய்யும் பிளகினை நமக்கு மட்டும் நிறுத்திவைத்து அட்மினைத் திறந்துவிடும். சர்வரிலிருந்து மின்னஞ்சல் போகாத தளங்களில் இதுவும் பயன்படாது. அப்போது எஃப்டிபியிலோ ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரிலோ அந்தப் பிளகினின் போல்டர் பெயரை மாற்றினால் போதும், அட்மின் திறக்கும்.