அன்றைக்கே டெலிவரி பூங்கொத்து: 40 ரோஜாவுக்குப் பணம், போய்ச் சேர்ந்தது 22

நேற்று நடந்தது இது. இன்றைக்கும் யாராவது இதே மாதிரி இடத்தில் பணம் கட்டப் போவார்கள் என்பதால் உடனே எழுதுகிறேன். கட்டியது 40 சிவப்பு ரோஜாவுக்கு. போனது 22. ஆக, 18 ரோஜாவின் காசு போச்சு. 'அன்றைக்கே' என்பதற்கென்று தனியாக வாங்கிய கட்டணமும் போச்சு. எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் வேண்டாம். ஊர் ஊராகப் பூக்கடைகளைக் காட்டி ஆர்டர் பிடிக்கும் வகைத் தளம். 'பக்கத்துப் பூக்கடைக்காரர் கையால் கட்டியது' என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். கூடவே உள்ளூர் எண் போல ஒன்று. அதில் கூப்பிட்டால் எடுப்பது கால் சென்டர். அவர்களிடம் பூவும் கிடையாது, பூ வைக்க ஒரு வாளியும் கிடையாது. ஆர்டரை வாங்குவார்கள், தங்கள் கமிஷனைக் கழிப்பார்கள், மீதிக்குக் கட்டித்தர ஒத்துக்கொள்ளும் கடைக்குத் தள்ளிவிடுவார்கள். கட்டுகிற கடைக்காரர் தன் கைக்கு வந்த தொகைக்குத்தானே பூ வைப்பார்?

"40 தண்டும் முழு நீளத்தில் இருக்குமா?" என்று சாட்டில் கேட்டபோது, "கடையில் கேட்டுவிட்டோம், தயாராக இருக்கிறது" என்று பதில் வந்தது. அந்தக் 'கேட்டுவிட்டோம்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் பணம் கட்டியது. அப்போது காலை 10:15. மாலை 6 மணிக்குள் என்றார்கள், 7:40க்குப் போனது.

கொத்தைப் பெற்றவர் அனுப்பிய படத்தில் எண்ணினால் 22 பூ. அதில் ஐந்து தலை தொங்கிவிட்டன. வெட்டிய ரோஜா தண்ணீர் இல்லாமல் கிடந்தால் தண்டுக்குள் காற்று புகுந்து நீரோட்டம் அடைபடும். கடைக்குப் பூ வந்தவுடன் கடைக்காரர் அடியில் 2, 3 செ.மீ. சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளி எறிந்து, சுத்தமான வாளியில் குளிர்ந்த இடத்தில் சில மணி நேரமாவது நிற்க வைக்க வேண்டும். அவசர ஆர்டரில் முதலில் காவு போவது இந்தச் சில மணி நேரம்தான். பூவுக்கு நேர் கீழே உள்ள கழுத்து துவண்டு, மொட்டு விரியாமலே கவிழும்.

பஞ்சு இன்னும் மோசம். கொத்தைச் செருகும் அந்தப் பச்சைப் பஞ்சைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட வேண்டும், அது தானாக ஊறித் தானாக இறங்க வேண்டும். கையால் அமுக்கினால் மேல்புறம் நனையும், நடு காய்ந்தே இருக்கும். பெற்றவர் இதில் ஒரு தண்டை உருவிவிட்டு ஓட்டைக்குள் விரல் விட்டால் பொடிப் பொடியாக வந்தது. அப்படியென்றால் நடுவில் செருகிய பூ ஒன்றுக்கும் தண்ணீரே கிடைக்கவில்லை. 18 ரோஜா இருக்க வேண்டிய இடத்தில் இலையும் வெள்ளைப் பொடிப்பூவும் திணித்திருந்தார்கள்.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் பதில்: "பூ இயற்கைப் பொருள், சிறு வேறுபாடு இருக்கும்." 18 ரோஜா குறைவது சிறு வேறுபாடா? அடுத்தது, 'சம மதிப்புள்ள மாற்று' என்ற விதி. ஒரு பூ இல்லையென்றால் அதே மதிப்பில் வேறு பூ வைக்கலாம் என்பதுதான் அந்த விதி. ரோஜாவுக்கு இலை எப்படிச் சம மதிப்பாகும்? அதற்குப் பதில் இல்லை. கட்டிய கடை எது என்று கேட்டால் "சொல்ல இயலாது". கடைசியில் அடுத்த ஆர்டருக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் அனுப்பிவிட்டு, புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். 18 ரோஜாவின் காசைப் பற்றி ஒரு வரி இல்லை.

காசைத் திரும்பக் கேட்டு வங்கிக்கு இப்போதே எழுத வேண்டியிருப்பதால், விவரமாகச் சொல்வதாகச் சொன்ன அறிவுரையைச் சுருக்கிவிடுகிறேன். கடை இருக்கும் தெருவை வரைபடத்தில் பார்த்து, கடைக்கே நேராகக் கூப்பிடுங்கள். "இன்றைக்கு வாளியில் என்ன பூ இருக்கிறது?" என்று கேளுங்கள், உடனே பூப்பெயர் சொல்லத் தெரியாதவர் கடைக்காரர் இல்லை. எத்தனை தண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரப் படத்தில் இருப்பது பெரிய அளவா, நீங்கள் பணம் கட்டுகிற அளவா என்று பாருங்கள். அனுப்பும் முன் ஒரு போட்டோ கேளுங்கள். கார்டில் கட்டுங்கள். பூ வந்த அன்றே நாலு பக்கமும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், மறுநாள் எடுத்தால் "நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை" என்பார்கள். கூப்பனை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள், அதையே தீர்வு என்று கணக்குக் காட்டுவார்கள்.