கொலுசுப் பட்டறைக்கு எந்தக் கடன்: வீட்டுப் பத்திரமா, ஓசிசியா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்குப் பணமுடை வந்தால், முதலில் ஞாபகம் வருவது பீரோவில் இருக்கும் வீட்டுப் பத்திரம்தான். வங்கிக்கும் அதில்தான் தெம்பு. பத்திரத்தை ஒப்படைத்து எம்.ஓ.டி. (பத்திரத்தை அடமானமாகக் கொடுத்ததற்கான ஆவணம்) பதிவு செய்துவிட்டால் மொத்தப் பணமும் கைக்கு வந்துவிடும், மாதத் தவணை கட்டினால் போதும்.

சிக்கல் ஆடியில் தெரியும். கல்யாணம் கிடையாது, கொலுசு நகராது. தவணை மட்டும் அதே தேதியில் வந்து நிற்கும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அப்புறம் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் கட்டாவிட்டால் வழக்குப் போடாமலே வீட்டைக் கையகப்படுத்த வங்கி இறங்கலாம். அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான் அவகாசம்.

ஓசிசி என்பது ஓபன் கேஷ் கிரெடிட்: வங்கி வைக்கும் லிமிட்டுக்குள் வேண்டியபோது எடுத்து, காசு வரும்போது கட்டிக்கொள்ளும் கடன் கணக்கு. இதில் எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி. வசூலைக் கணக்கில் போட்டால் அன்றிலிருந்தே வட்டி இறங்கும். வெள்ளியை ரொக்கத்துக்கு வாங்கி, கூலிக்குக் கொடுத்துச் செய்து, கடைக்காரரிடம் காசுக்குக் காத்திருக்கும் தொழிலுக்கு இதுதான் பொருத்தம்.

ஆனால் லிமிட் வேறு, எடுக்க முடிகிற தொகை வேறு. வருட விற்பனை 1 கோடி என்றால் அதில் 20 சதவீதம், அதாவது 20 லட்சம் லிமிட் என்பது சிறுதொழிலுக்கு வழக்கமான கணக்கு. எடுக்க முடிகிற தொகைக்கு, மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (சரக்கு, பாக்கிக் கணக்கு) கொடுக்க வேண்டும். சரக்கு 12 லட்சம், வரவேண்டிய பாக்கி 8 லட்சம், நீங்கள் கொடுக்கவேண்டியது 4 லட்சம் என்று வையுங்கள். மீதி 16 லட்சத்தில் 25 சதவீத மார்ஜின் (உங்கள் கைப்பணப் பங்கு) போக, எடுக்க முடிவது 12 லட்சம்தான். நாள்பட்ட பாக்கியைச் சேர்க்கவும் மாட்டார்கள். பில் இல்லாமல் வியாபாரம் செய்பவர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்.

ஓசிசிக்கும் வீட்டைக் கேட்கிறார்களே என்பீர்கள். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது; 2026 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 20 லட்சம். அதற்கு மேல் போனால் சிஜிடிஎம்எஸ்இ (சிறுதொழில் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கும் அரசு சார்ந்த அறக்கட்டளை) உத்தரவாதத்தில் தரச் சொல்லிக் கேட்கலாம். அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான், உங்களுக்கு இல்லை. கடன் உங்கள் தலையில்தான் இருக்கும். உத்தரவாதக் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் கழியும். இருந்தாலும் வீடு தப்பும், அதனால் என் ஓட்டு இதற்கே.

பட்டறைக்கு இடம் வாங்கவோ மெஷின் போடவோ என்றால் சரி, தவணைக் கடனே எடுங்கள். அடைத்து முடித்ததும் எம்.ஓ.டி. ரத்தையும் மறக்காமல் பதிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் வில்லங்கச் சான்று போடும்போதெல்லாம் அந்தப் பழைய கடன் வந்து நிற்கும்.